ரத்தத்தில்தான் சந்தேகம்

காலையில் எழுந்ததும் ரஹீமா முதலில் பார்ப்பது தன் தொண்டையைத்தான். கண்ணாடி முன்னால் நின்று, வாயை அகலத் திறந்து, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்து, இடப்பக்கம், வலப்பக்கம், உள்நாக்கு என்று ஒரு மூலை விடாமல் பார்ப்பாள். பல் தேய்ப்பதெல்லாம் அதற்கப்புறம். தொண்டை முடிந்ததும் அக்குளில் தெர்மாமீட்டர். அது கீச்சென்று கத்தும்வரை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

அத்தோடு விட்டாளா என்றால் இல்லை. அவளுக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு, தனித் துண்டு. கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிப்பாள். வெளியே போய்வந்தால் முதலில் சோப்பு, அப்புறம்தான் சலாம். பக்கத்தில் யாராவது தும்மினால் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி நகர்ந்துவிடுவாள். தும்மியவர் ஜமாத் தலைவராக இருந்தாலும் சரி. கடையில் பருப்பு பொட்டலம் கட்டும்போது விரலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும், எழுந்து போய்க் கழுவி, மருந்து போட்டுக் கட்டிக்கொண்டுதான் மறுபடி உட்காருவாள்.

கடை அண்ணன் கலீலுல்லாவுடையது. வில்லியனூர் கடைத்தெருவில் மளிகை. கடைக்கு மேலேயே வீடு. ரஹீமாவின் பழைய கதை அந்தத் தெருவுக்கே அத்துப்படி என்பதால், அவளுடைய புதுப் பழக்கங்களைப் பார்த்து, "பைத்தியம் தெளிஞ்சு இப்ப சுத்தப் பைத்தியம் ஆயிடுச்சுபா" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் எச்சில் தொட்டு கேரி பேக் பிரிக்கிறவர்கள். மீதிப் பேர் மூக்கைச் சிந்திய கையாலேயே பஜ்ஜி எடுத்துத் தின்கிறவர்கள். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

அவளுக்கு இந்தப் பழக்கம் பொழுதுபோகாமல் வந்ததல்ல. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தது.

இருபத்தாறு வயதில் அவள் காதுக்குள் ஒரு ஆள் பேச ஆரம்பித்தான். யாருமில்லாத அறையில் கேட்கிற ஆண்குரல். அவள் உட்கார்ந்தால் ஒரு பேச்சு, எழுந்தால் ஒரு ஏச்சு. 'சோத்துல விஷம் வெச்சிருக்கா உன் அண்ணி' என்பான். ஒரு ரம்ஜானில், நோன்பு திறக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, அண்ணி பர்வின் பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய கஞ்சியைப் பாத்திரத்தோடு தூக்கிப் போய்ச் சாக்கடையில் கொட்டினாள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டு இரண்டு தடவை போனாள். ஒரு தடவை சங்கராபரணி ஆற்றுப் பாலத்தடியில் கண்டுபிடித்தார்கள், இன்னொரு தடவை விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனில். மாதக்கணக்கில் குளிக்கமாட்டாள். காலில் வந்த புண் சீழ் பிடித்து நாறியபோதுகூட அவளுக்கு அது தெரியவில்லை. அந்த ஆள் அவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

தர்காவுக்குப் போனார்கள், ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள், மாத்திரை மாற்றி மாத்திரை கொடுத்தார்கள். எதற்கும் அவன் வாயை மூடவில்லை. கடைசியில் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் டாக்டர் புவனேஸ்வரி, க்ளோசபின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் ரஹீமாவை எதிரில் உட்கார வைத்துப் பேசினார். அண்ணனிடம் இல்லை, அவளிடம். அத்தனை வருஷத்தில் அவளிடமே அவளைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

"ரஹீமா, நம்ம ரத்தத்துல கிருமியோட சண்டை போடுறதுக்குன்னு வெள்ளை அணுக்கள் இருக்கு. இந்த மாத்திரை ரொம்ப அபூர்வமா, யாரோ ஒருத்தருக்கு, அதைக் காலி பண்ணிடும். அப்ப சாதாரணத் தொண்டைப் புண்ணுகூட உயிருக்கு உலை வெச்சிடும். அதனால ரத்தம் பார்த்துக்கிட்டே இருக்கணும். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், எது வந்தாலும் அன்னைக்கே வரணும். நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளக் கூடாது."

"வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அணு ரொம்பக் குறைஞ்சிருந்தா மாத்திரையை நிறுத்திடுவோம். அப்புறம் அதை உனக்கு மறுபடி தரவே முடியாம போகலாம்."

இரண்டையும் ரஹீமா மனதில் வாங்கிக்கொண்டாள்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது மாதம் ஒரு காலையில், எதிர்ப் பால் பூத்தில் டிரேக்களை இறக்கும் சத்தம் கேட்டு விழித்தாள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அவன் பேசுவான் என்று காத்திருந்தாள். பேசவில்லை. டிரே இறங்கியது, வண்டி கிளம்பியது, ஒரு காகம் கத்தியது. அவ்வளவுதான். உலகத்தில் இத்தனை சத்தம்தானா என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குத் தொடங்கி, இந்த அமைதியைக் கொடுத்த மாத்திரையைக் காப்பாற்ற வேண்டும், அந்த மாத்திரையிடமிருந்து தன்னையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உடம்பைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

முதலில் வாரம் ஒரு முறை ரத்தம் கொடுத்தாள். பிறகு மாதம் ஒரு முறை, புதன்கிழமை. அதே மாத்திரை சாப்பிடுகிற ஏழெட்டுப் பேர் அன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். காட்டேரிக்குப்பத்தில் கரும்பு வெட்டுகிற தணிகைவேல் அவர்களில் ஒருவர். ஐம்பது வயது. அவருக்கும் காதில் ஆள் பேசும். மாத்திரைக்கப்புறம் குறைந்திருந்தது, அடியோடு போகவில்லை. செல்லிப்பட்டு விருத்தாம்பாள் இன்னொருத்தி. எல்லோரும் ஒரே டம்ளரில் டீயை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ரஹீமா அந்த பெஞ்சுக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாளே டம்ளரைப் பிடுங்கினாள்.

"டாக்டர் இன்னா சொன்னாங்க, நீங்க இன்னா பண்றீங்க? நம்ம ரத்தத்துக்குக் காவல் கம்மி. நாமதான் கதவ சாத்தி வெச்சிக்கணும்."

"கரும்புக் கொல்லையில எங்கமா சோப்புக்குப் போறது?" என்றார் தணிகைவேல். அவர் கை முழுக்கக் கரும்புச் சோகை இலை கிழித்த கீறல்கள்.

அடுத்த மாதம் ரஹீமா கடையிலிருந்து பழைய வெங்காய வலைப்பை ஒன்றை எடுத்து வந்தாள். அதற்குள் சோப்பைப் போட்டு முடிந்து, மோட்டார் கொட்டகைக் குழாயில் கட்டித் தொங்கவிடச் சொன்னாள். வலையோடு தேய்த்தால் நுரை வரும், சோப்பு மண்ணில் விழாது, யாரும் தூக்கிக்கொண்டு போகவும் மாட்டார்கள். தணிகைவேல் கட்டினார். இப்போது அந்தக் கொல்லையில் வேலை செய்கிற பன்னிரண்டு பேரும் அந்த வலையில் கை தேய்த்துவிட்டுத்தான் சோற்று டப்பாவைத் திறக்கிறார்கள். சுகாதாரத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். பன்னிரண்டு பேரைக் கை கழுவ வைத்தவள், காதுக்குள் ஆள் பேசக் கேட்டுக்கொண்டிருந்த, ஒரு மளிகைக்கடைக்காரனின் தங்கை.

மாத்திரை ஆரம்பித்துப் பதினாலு மாதம் இப்படி நல்லபடியாகப் போனது. அப்போதுதான் அண்ணன் மகள் முஸ்கானுக்குக் கல்யாணம் கூடி வந்தது.

மாப்பிள்ளை வீடு பரங்கிப்பேட்டை. அந்தப் பக்கமெல்லாம் விருந்து என்றால் சஹன்தான். பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கையிட்டுச் சாப்பிடுவது. கூடிச் சாப்பிட்டால் பரக்கத் என்னும் இறையருள் பெருகும், மனசும் கூடும் என்பார்கள். மணப்பெண்ணின் சஹனில், மாமியாரோடு யார் உட்காருவது என்பது பெரிய மரியாதை. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அத்தையை மாமி என்றே கூப்பிடும் முஸ்கான் ஒரே பிடியாக நின்றாள்.

"என் சஹன்ல என் மாமி உக்காரணும். இல்லாட்டி நான் சாப்புடவே மாட்டேன்."

ரஹீமாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எந்த விசேஷம் வந்தாலும் மாடியறையில் வைத்துப் பூட்டப்பட்டவள் அவள். ஒரு நாள்தானே, நாலு பேரையும் நன்றாகச் சோப்பு போட்டுக் கழுவ வைத்துவிட்டால் ஆயிற்று என்று கணக்குப் போட்டுச் சம்மதித்தாள். பர்வின் அவளுக்காகப் பச்சைக் கலரில் புடவை எடுத்துக் கொடுத்தாள். அதை இரண்டு தடவை பிரித்துப் பார்த்து மடித்து வைத்தாள்.

கல்யாணத்தன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலக் கண்ணாடி, டார்ச்.

தொண்டையின் வலப்பக்கம் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. வீக்கத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள், வலித்தது. தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது.

 இது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் எடுப்பார்கள். அணு குறைந்திருந்தால் மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தினால் அவன் வருவான். பால் டிரேயின் சத்தத்துக்குப் பின்னால் இனி எப்போதும் அவன்தான். போகாவிட்டாலோ, இந்தத் தொண்டைப் புண்ணே ஆளை முடித்துவிடும். டப்பாவில் காய்ச்சல் மாத்திரை இருந்தது. ஒன்று போட்டால் மாலைவரை உடம்பு சுடாது. யாருக்கும் தெரியாது. பச்சைப் புடவை கட்டி, முஸ்கான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு நாள் எல்லோரையும் போல இருந்துவிட்டு வரலாம்.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். காய்ச்சலை மறைத்தால் டாக்டரிடம் பொய் சொன்னது போல ஆகும். அன்னைக்கே வரணும் என்றுதானே சொன்னார்? இன்னைக்குத்தான் அன்னைக்கு.

படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், நெஞ்சு வலியை வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டு கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறார்கள்! ரஹீமாவின் அந்த அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் அவர்களெல்லாம் நிற்க முடியாது.

அண்ணன் விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தான். சொல்லாமல் போனால் மறுபடி ஓடிவிட்டாள் என்பார்கள். ரஹீமா மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, பெண்களோடு வேனில் போகாமல் தனி ஆட்டோவில் போய் இறங்கினாள். வாசலில் அண்ணனைப் பிடித்தாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"இப்பவா? மாப்ள வூட்டு வண்டி வந்துட்டிருக்குதுடி. நிக்காஹ் முடியட்டும்."

"இன்னைக்கே போவணும்ணே."

"சரிடி, சாப்ட்டுட்டுப் போவலாம்." அவன் அதற்குள் யாரையோ வரவேற்க ஓடினான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண்ணைப் பெற்றவன், வேறெப்படி இருப்பான்?

நிக்காஹ் முடிந்து பெண்கள் பக்கம் சஹன் வைத்தார்கள். முஸ்கான், அவள் மாமியார், மாமியாரின் அக்கா, காலியாக ஒரு இடம். செம்பில் தண்ணீர் வந்தது, கிண்ணத்தைப் பிடித்துக் கை கழுவினார்கள். ரஹீமா ஒரு பாய் தள்ளி, மாஸ்க்கோடு சுவரோரமாக நின்றாள்.

"வாங்க மாமி" என்றாள் முஸ்கான்.

"நான் உக்காரக் கூடாதுமா. நீங்க சாப்புடுங்க."

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "ஏங்க, எங்களோட உக்காந்து சாப்புட மாட்டீங்களா?"

"அப்பிடி இல்லைங்க. எனக்குத் தொண்டையில..."

"சாப்பாட்டுல ஏதாச்சும் குறையா?"

சாப்பாடு, சந்தேகம், ரஹீமா. இந்த மூன்றும் ஒரே இடத்தில் வந்ததும் வில்லியனூர்ச் சொந்தக்காரர்களின் கண்கள் ஒன்றையொன்று தேடின. சாக்கடைக்குப் போன கஞ்சி யாருக்கும் மறந்திருக்கவில்லை. பந்தியின் கடைசிவரை குசுகுசுப்பு போய்த் திரும்பியது. பர்வின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நிமிஷம் கலீலுல்லா வந்து தங்கையை மணப்பெண் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"இன்னாடி இது? எல்லாரும் பாக்குறாங்க. ஒரே ஒரு வாய் சாப்புடு. சோத்துல ஒண்ணும் இல்லடி, நானே நின்னு ஆக்க வெச்சேன்."

"சோத்துல எனக்குச் சந்தேகம் இல்லண்ணே. என் ரத்தத்துலதான் சந்தேகம்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்கே உறைத்தது. கலீலுல்லாவின் கண் கலங்கிவிட்டது.

"ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்?" என்றான் மெதுவாக.

அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை மாத்திரை இருக்கும். அவசரத்துக்கு உதவும் என்று அவனாக எடுத்து வைத்திருப்பது. அதே க்ளோசபின். ஒன்றைப் பிரித்துத் தண்ணீர் பாட்டிலோடு நீட்டினான்.

"ராத்திரி மாத்திரைய இப்பவே போட்டுக்கோ. கொஞ்ச நேரம் படு. எல்லாம் அடங்கிடும்."

ரஹீமா அந்த மஞ்சள் மாத்திரையைப் பார்த்தாள். பதினாலு மாதம் ஒரு வேளை தவறாமல் தானே எடுத்து விழுங்கிய மாத்திரை. அவளுக்கு அறிவைத் திருப்பிக் கொடுத்தது. இன்றைக்கு அவள் ரத்தத்தைத் தின்றுகொண்டிருப்பதும் அதுவாக இருக்கலாம். வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். மாத்திரையை மறுக்கிற பைத்தியம்தான் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பைத்தியம்.

"இது வேணாண்ணே. காய்ச்சல் வந்தா இதைப் போடுறதுக்கு முன்னாடி ரத்தம் பாக்கணும்."

"மாத்திரை வேணான்னு சொல்றப்பவே தெரியலையா உனக்கு? வாயத் திறடி."

அவள் மாஸ்க்கைக் கழற்றி வாயைத் திறந்தாள். மாத்திரைக்காக இல்லை. தன் செல்போன் டார்ச்சைத் தானே அடித்துக் காட்டி, "பாரு" என்பதுபோல் விரலைக் காட்டினாள். கல்யாண அறையில் வாயைப் பிளந்துகொண்டு விளக்கடித்து நிற்கிற தங்கையைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெளியே யாரோ கூப்பிட்டார்கள். பர்வினை உள்ளே அனுப்பிவிட்டு அவன் போனான்.

பர்வின் கோபப்படவில்லை. அழுதாள். "ஒரு நாள் ரஹீமா. எம் பொண்ணுக்காக ஒரே ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?"

கத்தினால் வேலைக்காகாது என்பது ரஹீமாவுக்குத் தெரியும். கத்துகிற ரஹீமாவை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். "அண்ணி, நீங்க போய்ப் பந்தியப் பாருங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றாள். பர்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதும், பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி ரோட்டுக்கு வந்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்.

"அண்ணே, நான் ஓடிப்போவல. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி, எமர்ஜென்சிக்குப் போறேன். தேடாதீங்க."

நிக்காஹுக்காகச் சைலண்ட்டில் போட்ட போன் கலீலுல்லாவின் பையில் சத்தமில்லாமல் கிடந்தது. தங்கையைக் காணோம் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் பட்டுச்சட்டையோடு ஆற்றுப் பாலத்தடிக்கு ஓடினார்கள்.

ஆட்டோ தவளக்குப்பத்தைத் தாண்டும்போது அவளுக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பட்டுப் புடவையும் மாஸ்க்குமாகத் தனியாக வந்து நின்றவளை, பணியிலிருந்த இளம் டாக்டர் நாகராஜன் ஏறிட்டுப் பார்த்தார்.

"கூட யாரும் வரலையா?"

"இல்ல சார். என் பேரு ரஹீமா. மனநோய்க்கு டாக்டர் புவனேஸ்வரிகிட்ட வைத்தியம். க்ளோசபின் சாப்புடுறேன், பதினாலு மாசம். கடைசியா ரத்தம் பாத்தது பதினெட்டு நாள் முன்னாடி, அப்ப நார்மல். இன்னைக்குக் காலையில நூத்தியொண்ணு காய்ச்சல், தொண்டையில வெள்ளையா படிஞ்சிருக்கு. காய்ச்சல் மாத்திரை எதுவும் போடல. நேத்து ராத்திரிக்கப்புறம் க்ளோசபினும் போடல."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மண்டபத்தில் முன்னூறு பேருக்குப் பிதற்றலாகக் கேட்ட பேச்சு இந்த ஒருவருக்கு அபாயமணியாகக் கேட்டது. உடனே ரத்தம் எடுத்தார்கள். ஆயிரத்து ஐநூறுக்குக் கீழே போகக் கூடாத அணு இருநூற்றுப் பத்து இருந்தது. அவளைத் தனி அறைக்கு மாற்றி, ஊசியும் மருந்தும் ஏற்றினார்கள்.

கலீலுல்லா செய்தியைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். டாக்டரைப் பார்த்ததும், "சார், அவ மாத்திரை போட மாட்டேங்குறா, புத்தி பெசகிடுச்சு" என்று ஆரம்பித்தான்.

"மாத்திரை போட்டிருந்தா நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். நாளைக்கு வந்திருந்தா நான் உறுதியா எதுவும் சொல்லியிருக்க முடியாது" என்றார் நாகராஜன். "உங்க வூட்டுல இன்னைக்குப் புத்தியோட இருந்தது அவங்க ஒருத்தங்கதான்."

கலீலுல்லா சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்தான். பிரித்த ஒரு குழி காலியாக இருந்தது. வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து, புதுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மறுநாள்தான் அவனை உள்ளே விட்டார்கள். முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவி, மாஸ்க் கட்டிக்கொண்டு வந்து, கட்டிலிலிருந்து தள்ளி நின்றான். டாக்டர் புவனேஸ்வரி அதற்கு முன்பே வந்து போயிருந்தார். இனி க்ளோசபின் இல்லை. வேறு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம், அந்த அளவுக்குக் கேட்குமா என்று சொல்ல முடியாது. மறைக்காமல் சொன்னார்.

"நிறுத்திடுவாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடி?" என்று கேட்டான் அண்ணன்.

"தெரியும்."

"அந்தாளு திரும்ப வந்துடுவான்னும் தெரியுமா?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சே வந்தியா?"

ரஹீமா வலிக்கிற தொண்டையால் கொஞ்சம் சிரித்தாள். "உசுரு இருந்தாத்தானே அவன் வந்து பேச முடியும்? பேசட்டுமே."

 இத்தனை வருஷம் கலீலுல்லா இவளைத் தான்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தான். அது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அணு மெதுவாக ஏறியது. முன்னூறு, அறுநூறு, ஆயிரத்து நூறு. காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் காலையில், நர்ஸின் தள்ளுவண்டிச் சத்தத்துக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ரஹீமா கண்ணை மூடிக்கொண்டாள். மதியத்துக்குள் அவன் முழுசாக வந்துவிட்டான். அன்றைக்கே டாக்டரிடம் சொன்னாள். காய்ச்சலைச் சொல்வதுபோல, எப்போது, எவ்வளவு, என்ன சொல்கிறான் என்று. அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் அப்போதுதான் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருந்தான்.

பதினோராம் நாள் புதன்கிழமை. கலீலுல்லா கீழே போய்விட்டு முகம் வாடித் திரும்பினான். பெஞ்சில் விருத்தாம்பாள் அவனைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கிறாள். அந்த மாத்திரை ரஹீமாவின் ரத்தத்தைக் குடித்துவிட்டதாம் என்று பேச்சு பரவி, தணிகைவேல் நாலு நாளாக மாத்திரையைத் தொடவில்லையாம். இன்றைக்கு ரத்தம் கொடுக்கவும் வரவில்லை.

ரஹீமா எழுந்து உட்கார்ந்தாள். "போன் போடுண்ணே அவருக்கு. ஸ்பீக்கர்ல போடு."

கலீலுல்லா போனைத் துடைத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டான். மணி அடித்தது. தணிகைவேல் எடுத்ததும், அவளுக்கு மட்டும் கேட்கிறவன் கத்த ஆரம்பித்தான். 'விஷம்டி அது. விஷம்னு சொல்லு அவன்கிட்ட.'

"அண்ணே, நான் ரஹீமா. நல்லா இருக்கேன். நீங்க ஏன் வரல?"

"பயமா இருக்குதுமா. உனக்கே இப்பிடின்னா..."

"எனக்கு ஆச்சு. அபூர்வமா யாரோ ஒருத்தருக்கு ஆவுறது. உங்களுக்குப் போன மாசம்கூட ரத்தம் நல்லாதான இருந்துச்சு? அது நல்ல மாத்திரைண்ணே. எனக்குப் பதினாலு மாசம் குடுத்துச்சு. நீங்க வுட்றாதீங்க." 'பொய் சொல்றா, பொய் சொல்றா.' அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். "ஆனா நாலு நாள் வுட்டுட்டீங்க இல்ல, இப்ப நீங்களா பழைய அளவு போட்டுடக் கூடாது. கெளம்பி இங்க வாங்க. டாக்டரு முதல்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா குடுப்பாங்க."

அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று பேசினாள். அறைக்கு வெளியே நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, சத்தமா பேசுறேன்னு கோச்சுக்காதீங்க" என்றாள் ரஹீமா. "இங்க ஒருத்தன் குறுக்கப் பேசிக்கிட்டே இருக்கான்."

 மறுமுனையில் தணிகைவேல், "வந்துட்டானாமா?" என்று கேட்டார்.

"வந்துட்டான்."

"நீ பேசுமா. எனக்கு உன் குரல் மட்டும்தான் கேக்குது. சொல்லு, எந்த பஸ்ஸ புடிச்சு வரட்டும்?"

கலீலுல்லா தங்கையின் முகத்தைப் பார்த்தான்.  போனை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தான்.